தீயில்லா ஒளி: சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் மின்மினி

ஆய்வுச்சுருக்கம்

மின்மினி இடம்பெறும் மூன்று குறிஞ்சிப் பாடல்களை (நற்றிணை 44, அகநானூறு 72, அகநானூறு 202) இக்கட்டுரை பூச்சியியல் செய்திகளோடு சேர்த்து வாசிக்கின்றது. சங்க இலக்கிய ஆய்வுகளில் மின்மினி பெரும்பாலும் ஒளி அழகுக்குரிய உவமையாகவோ, பண்டைத் தமிழரின் அறிவியல் அறிவுக்குச் சான்றாகவோ காட்டப்படுகின்றது. இவ்விரண்டு நோக்குகளும் பூச்சியை அதன் இடம், பொழுது ஆகியவற்றிலிருந்து பிரித்துவிடுகின்றன. அகநானூற்றுப் பாடல்கள் இரண்டிலும் மின்மினியும் கொல்லனின் உலைப்பொறியும் தலைவனின் எஃகும் ஒரே தொடராக இணைவதையும், அப்பிணைப்பு இரவுக்குறியின் அச்சத்தைக் கட்டமைப்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகின்றது. பூச்சியியல் பாடலுக்குச் சான்றிதழ் வழங்கும் துறையன்று. பாடலின் சொற்களை நிதானித்துப் படிக்கச்செய்யும் துணை என்பதே இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மின்மினி, உயிரொளிர்வு, குறிஞ்சி, உவமை, இரவுக்குறி, அகநானூறு, நற்றிணை

முன்னுரை

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களைப் பட்டியலிடும் நூல்கள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்ற வரிசையைப் பின்பற்றுகின்றன. பூச்சிகளுக்கு அவ்வரிசையில் தனியிடம் இல்லை. எனினும் தொல்காப்பியம் அப்பட்டியலை முடிந்த முடிபாக வைக்காமல், அவ்வகைப்பட்ட பிறவற்றுக்கும் இடம்விட்டுள்ளது. யாமப் பொழுதுக்குரிய குறிஞ்சி நிலத்தில், இருளில் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் மின்மினி அவ்விடத்தை நிரப்பத்தக்க உயிர்.

மின்மினி பற்றிய கருத்துகள் இரண்டு வழிகளில் செல்கின்றன. உவமை ஆய்வுகள் அதனை ஒளிக்குரிய உவமைகளுள் ஒன்றாக எண்ணி நகர்ந்துவிடுகின்றன. ‘சங்க இலக்கியத்தில் அறிவியல்’ என்ற தலைப்பில் அமையும் எழுத்துகளோ, மின்மினி என்ற சொல் வந்ததையே உயிரொளிர்வு பற்றிய அறிவின் தடயமாகக் கொள்கின்றன. முதல்வகை பாடலின் பூச்சியைக் காணவில்லை. இரண்டாம்வகை பூச்சியின் பாடலைக் காணவில்லை. இவ்விரண்டு குறைகளையும் தவிர்த்த வாசிப்பு எத்தகைய பொருளைத் தரும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

மின்மினியின் இயல்பு

மின்மினி ஈயினத்தைச் சேர்ந்ததன்று, வண்டினத்தைச் சேர்ந்தது. லாம்பிரிடே என்னும் குடும்பத்தில் 2000-க்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் இனங்காணப்பட்டுள்ளன. அதன் வாழ்நாளின் பெரும்பகுதி புழுப்பருவத்தில் கழிகின்றது. பல இனங்களின் புழுக்கள் ஈரமண்ணிலும் சருகுகளுக்கு இடையிலும் வாழ்ந்து நத்தை, இலையட்டை, மண்புழு முதலியவற்றை உண்கின்றன. அறியப்பட்ட மின்மினி இனங்கள் அனைத்திலும் புழுக்கள் ஒளிர்கின்றன. தம்மை உண்ண வரும் விலங்குகளுக்கு அவ்வொளி எச்சரிக்கையாகின்றது. முதிர்ந்த வண்டுகளிடத்தில் ஒளி துணையை அழைக்கும் குறியாகின்றது. சில இனங்களில் பெண்வண்டுக்குச் சிறகில்லை. அது நிலத்திலோ தாழ்ந்த செடியிலோ இருந்து ஒளிர, சிறகுடைய ஆண் அதனைத் தேடி வருகின்றது.

ஆங்கிலம் பறக்கும் மின்மினிக்கும் ஒளிரும் புழுவுக்கும் வேறுவேறு பெயர்களை வழங்குகின்றது. நியூசிலாந்துக் குகைகளில் ஒளிரும் அரக்னோகம்பா என்னும் ஒருவகை ஈயின் புழுவும் அம்மொழியில் ஒளிப்புழு என்றே அழைக்கப்படுகின்றது. ஆனால் அது மின்மினிக்கு உறவன்று, அதன் வேதிமுறையும் வேறு. தமிழில் ‘மின்மினி’ என்ற சொல் வடிவத்தை நோக்காமல் செயலை நோக்கி அமைந்துள்ளது. மின் என்னும் அடி இரட்டித்தாற்போல ஒலிக்கும் அச்சொல் தோன்றி மறையும் ஒளியை உணர்த்துகின்றது. ஆகவே சங்கப் பாடலில் மின்மினி என வருமிடமெல்லாம் பறக்கும் வண்டையே கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புழுவும் சிறகில்லாப் பெண்ணும் அச்சொல்லுள் அடங்கக்கூடும்.

ஒளி உண்டாகும் முறையை 1880-களில் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் டுபுவா ஆராய்ந்து, அதற்குரிய பொருள்களுக்கு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று பெயரிட்டார். 1947-இல் வில்லியம் மெக்எல்ராய், உயிரணுக்களின் ஆற்றல்பொருளாகிய ஏடிபி இவ்வொளிக்கு இன்றியமையாதது என்று காட்டினார். லூசிஃபெரின் ஏடிபியோடு வினைபுரிந்து, பின் உயிர்வளியோடு சேரும்போது ஒளி வெளிப்படுகின்றது. லூசிஃபெரேஸ் என்னும் நொதி அவ்வினையை நடத்துகின்றது. வெப்பம் உணரத்தக்க அளவில் தோன்றுவதில்லை. இவ்வினையின் திறன் ஏறத்தாழ நூறு விழுக்காடு என்று இன்றும் பல பாடநூல்கள் எழுதுகின்றன. ஒளித்துகள் ஈட்டம் 88 விழுக்காடு என்று 1960-இல் கணிக்கப்பட்டதிலிருந்து வளர்ந்த கருத்து அது. 2008-இல் வெளிவந்த மறு அளவீடு அதனை 41 விழுக்காடாகக் குறைத்தது. அறிவியல் செய்தியை இலக்கிய ஆய்வில் ஆளுவோர் அச்செய்தியும் திருத்தத்துக்குரியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

அகநானூறு 72: புற்றும் உலைக்களமும்

எருமை வெளியனார் மகனார் கடலனார் பாடிய இப்பாடல் இரவுக்குறியில் வரும் தலைவனின் வழியைத் தலைவி தோழிக்கு எடுத்துரைப்பதாக அமைகின்றது. மின்னல் இருளைக் கிழிக்க, மழை செறிந்து பெய்யும் நள்ளிரவு. ஓரம் சிதைந்த வாயையுடைய புற்றில் மின்மினிகள் மொய்த்துள்ளன. பெரிய கையையுடைய ஆண்கரடி புற்றாஞ்சோற்றுக்காக அதனைப் பெயர்க்கும்போது மின்மினிகள் உலோகத்தை அடிக்கையில் சிதறும் பொறிபோலச் சுடர்கின்றன. கரடி இரும்புவேலை செய்யும் கொல்லனைப்போலத் தோன்றுகின்றது.

உவமையில் வரும் ‘பொன்’ என்ற சொல் பழந்தமிழில் உலோகப் பொதுப்பெயராகவும் இரும்பைக் குறித்தும் வரும். தூண்டிலின் இரும்பைத் திருக்குறள் (931) அச்சொல்லாலேயே சுட்டுகின்றது. அடுத்த அடியிலேயே இரும்புக்கொல்லன் வருவதால் இங்கும் இரும்பு என்று கொள்வதே பொருந்தும்.

தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைக்களங்களை வகுக்கின்றது. இவ்வுவமையை உருவுவமை, அதாவது நிறம் பற்றிய உவமை, என்று மட்டும் கொண்டால் இடர்ப்பாடு தோன்றுகின்றது. மின்மினியின் ஒளி பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும் கலந்தது. இரும்புப்பொறி செம்மஞ்சள் நிறத்தது. வினையுவமையாகக் கொள்ளும்போது ஒப்புமை முழுமையடைகின்றது. ஓர் அடி விழுந்ததும் பல புள்ளிகளாகச் சிதறுதல், ஒவ்வொரு புள்ளியும் கணத்தில் தோன்றி மறைதல் ஆகியன இரண்டுக்கும் பொது. கரடியின் கை சம்மட்டியாகவும் புற்று உலையாகவும் மாறுவதற்கு இவ்வினையொப்புமையே அடித்தளம்.

புற்றில் மின்மினி மொய்க்குமா என்ற வினா எழலாம். கனமழையில் மின்மினிகள் பெரும்பாலும் பறப்பதில்லை, ஒதுங்கிடம் தேடுகின்றன. புழுக்களும் சிறகில்லாப் பெண்களும் நிலத்திலேயே வாழ்கின்றன. எனவே காட்சி இயற்கைக்கு மாறானதன்று. பிரேசில் நாட்டின் செராடோ புல்வெளிகளில் வேறொரு வண்டினத்தின் புழுக்கள் கறையான் புற்றின் மேற்பரப்பில் குடியிருந்து, மழைக்காலத் தொடக்கத்தில் ஒளிர்ந்து, சிறகு முளைத்துப் பறக்கும் கறையான்களை ஈர்த்து உண்கின்றன. எமாஸ் தேசியப் பூங்காவில் இக்காட்சி புகழ்பெற்றது. அவ்வினம் தமிழகத்துக்கு உரியதன்று. அது மின்மினிக் குடும்பத்தையும் சேர்ந்ததன்று. ஆகவே கடலனார் அதனையொத்த ஒன்றையே கண்டார் என்று கூற இடமில்லை. புற்று, மழை, ஒளிரும் பூச்சி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவது இயற்கையில் நிகழக்கூடியது என்ற அளவிலேயே அவ்வொப்பீடு பயன்படும். கரடி பற்றிய செய்தியோ ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்துகின்றது. தென்னிந்தியக் காடுகளின் கரடி நீண்ட உகிர்களால் புற்றைப் பெயர்த்துக் கறையானை உறிஞ்சி உண்ணும் இயல்புடையது.

பாடலின் நுட்பம் இதற்கு மேலும் செல்கின்றது. அவ்விரவில் மூன்று ஒளிகள் உள்ளன: மின்னல், மின்மினி, நல்லபாம்பு உமிழ்ந்த மணி. இறுதியில் கூறப்பட்ட மணியின் வெளிச்சத்தில், களிற்றைக் கொன்ற புலி அதனை இழுத்துச் செல்கின்றது. இம்மூன்றில் ஒன்றுகூட மனிதர் ஏற்றிய ஒளியன்று. ஒன்றுகூட மழையால் அணையாதது. செறிமழையில் தீ எரிய வழியில்லை. அப்பாடலில் தீ உவமைக்குள் மட்டுமே எரிகின்றது. இல்லாத நெருப்பைக் கொல்லனின் உலை வழியாக மின்மினி வரவழைக்கின்றது.

உவமையில் நுழைந்த இரும்பு அங்கேயே நின்றுவிடவில்லை. தலைவன் நடக்கும் வழி வாளோடு ஒப்பிடப்படுகின்றது. அவனுக்குத் துணையாக வருவது எஃகு, அதாவது வேல், ஒன்றே. கரடியைக் கொல்லனாகக் கண்ட தலைவியின் உள்ளம் அவ்வுலையிலிருந்து வாளுக்கும் வாளிலிருந்து வேலுக்கும் செல்கின்றது. காடே இரும்பு வடிக்கும் களமாக இருக்க, அதனுள் ஒரேயொரு வேலோடு வருபவனின் பாதுகாப்பு எத்துணைச் சிறியது என்பது சொல்லாமலே உணர்த்தப்படுகின்றது. அதன் பின்னரே தலைவி, வந்தவனும் கொடியன் அல்லன், அவனைக் கூட்டிய தோழியும் தவறுடையவள் அல்லள், தானே தவறுடையவள் என்று முடிக்கின்றாள். மின்மினியை அழகுக்காக வந்த வருணனை என்று ஒதுக்கினால், இத்தற்பழிக்கு இட்டுச்செல்லும் வழியின் முதற்படி மறைந்துவிடும்.

அகநானூறு 202: பூவும் பொறியும்

ஆவூர்கிழார் பாடிய இப்பாடலில் உவமையின் திசை மாறுகின்றது. புலியோடு பொருது வென்ற, புண்பட்ட யானை கையை உயர்த்தி நெடுமூச்செறிகின்றது. அம்மூச்சில் வேங்கையின் பூக்கள் கொல்லனின் துருத்தி ஊதும் உலையிலிருந்து எழும் பொறிகளைப்போலப் பொங்கி, சிறிய பல மின்மினிகளைப்போல நீலமணி நிறத்துப் புதர்மேல் பரவுகின்றன. முன்பாடலில் பொருளாக நின்ற மின்மினி இங்கு உவமையாகின்றது.

பூ, பொறி, மின்மினி என்ற மூன்றும் ஒரே அசைவின் அடுத்தடுத்த நிலைகளைக் குறிக்கின்றன. மூச்சின் விசையில் மேலெழும்போது பூக்கள் பொறிகள். விசை தணிந்து இருண்ட புதர்மேல் அமரும்போது மின்மினிகள். இரண்டு உவமைகள் வீணே அடுக்கப்படவில்லை. எழுச்சிக்கு ஒன்றும் அமர்வுக்கு ஒன்றுமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. பொறி மேலெழுந்து அவிந்துபோகும்; மின்மினியோ புதரில் தங்கி மீண்டும் மீண்டும் ஒளிரும். இவ்வேறுபாட்டைக் கண்டறிந்தவரே இவ்வரிசையில் உவமைகளை நிறுத்த இயலும்.

இப்பாடலிலும் யாமம், பாம்பு, பாறைகளுக்கிடையே செல்லும் சிறுவழி, எஃகைத் துணையாகக் கொண்டு வரும் தலைவன் ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. இருவேறு புலவர்களின் பாடல்களில் மின்மினி, கொல்லனின் உலை, தலைவனின் வேல் என்ற மூன்றும் ஒருங்கே வருவது தற்செயல் என்று கருதுவதற்கில்லை. இரவுக்குறியின் இடையூறுகளைப் பாடும் மரபில் இம்மூன்றும் ஒரு பொருட்கோவையாக நிலைபெற்றிருந்தன என்று கருதலாம். வேங்கை பூக்கும் காலம் மணத்துக்குரிய காலம் என்ற மரபையும் சேர்த்து நோக்கினால், மணத்தை நினைவூட்டவேண்டிய பூ போர்ப்புண்ணின் மூச்சில் சிதறுவது, வரைவு நீட்டிக்கும் தலைவனுக்கான இடித்துரையாகின்றது.

நற்றிணை 44: விளக்கமும் மழையும்

பெருங்கௌசிகனார் பாடிய இப்பாடல் அச்சத்தை விட்டு ஏக்கத்துக்கு நகர்கின்றது. தலைவி வீடு திரும்பிவிட்டாள். இனி அவள் எளியள் அல்லள் என்று தலைவன் தன் நெஞ்சுக்குக் கூறுகின்றான். அவளுடைய தந்தையின் மலைநாட்டில் தினை முற்றியுள்ளது. ஆசினிப் பலா நிற்கும் தோட்டத்தில், உயர்ந்த மரக்கிளைகளில் உள்ள மின்மினிகளின் விளக்கத்தில் குறவர் முகிலின் இயக்கத்தைக் காண்கின்றனர்.

மின்மினியின் வெளிச்சத்தால் முகிலைக் காண்பர் என்பதே இயல்பாகக் கொள்ளப்படும் பொருள். கிளைகளில் உள்ள பூச்சிகளின் ஒளி வானத்து முகிலை எட்டி விளக்கவல்லதன்று. ஆதலால் இதனை உயர்வுநவிற்சி எனக் கொள்வோர் உளர்; தவறான கூற்று எனத் தள்ளுவோரும் இருக்கக்கூடும். ஆனால் பாடலில் வேற்றுமையுருபு தொக்கு, அத்துச்சாரியை மட்டும் நிற்கின்றது. அதனை மூன்றாம் வேற்றுமையாகக் கொண்டால் ‘விளக்கத்தால் காண்பர்’ என்றும், ஏழாம் வேற்றுமையாகக் கொண்டால் ‘விளக்கத்தினிடையே காண்பர்’ என்றும் பொருள்படும். மூன்றாம் வேற்றுமையிலும் கருவிப்பொருளே அன்றி ஏதுப்பொருளும் உண்டு. மின்மினிகள் திரள்வதை ஏதுவாகக் கொண்டு மழையின் வரவை உணர்வர் என்ற பொருளுக்கு அது இடந்தருகின்றது.

மேற்குத்தொடர்ச்சி மலையில் மின்மினிகளின் பெருந்திரள் தோன்றுவது தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முந்திய கோடைமழைக் காலத்தில். மகாராட்டிர மலைப்பகுதிகளில் மே, சூன் மாதங்களில் அதனைக் காண மக்கள் கூடுகின்றனர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மரங்களை நிறைத்து மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அணையும் காட்சி 2022-இல் பதிவுசெய்யப்பட்டது. உயர்ந்த கிளைகள், பல மரங்கள், மழை முகில் என்ற பெருங்கௌசிகனாரின் குறிப்புகள் இத்தகைய திரளையே நினைவூட்டுகின்றன.

இப்பொருள் பாடலின் அகத்துறைக்கும் வலுச்சேர்க்கின்றது. முற்றிய தினை மழைக்கு முன் கொய்யப்படவேண்டும். தினை கொய்யப்பட்டால் தலைவிக்குப் புனங்காவல் இல்லை. தலைவனுக்கு அவளைக் காணும் வாய்ப்பும் இல்லை. முற்றத்தில் ஓய்ந்திருக்கும் குறவர் முகிலை நோக்குவது வேடிக்கையன்று. அறுவடை நாளைக் கணிப்பது. மின்மினி ஒளிரும் அழகிய இரவு தலைவனின் இழப்பை அறிவிக்கும் இரவாகின்றது. ஏழாம் வேற்றுமைப் பொருளைக் கொண்டாலும் இக்கருத்து சிதையாது. இரண்டில் ஒன்றே சரியென்று நிறுவப் பாடல் இடந்தரவில்லை. எனினும், காண இயலாத ஒன்றைப் புலவர் கூறினார் என்ற முடிவுக்கு விரைந்து செல்லவேண்டியதில்லை என்பது தெளிவாகின்றது.

இடமிழந்த மின்மினி

பிற்காலத்தில் மின்மினி வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டது. நம்மாழ்வாரைப் போற்றும் தனிப்பாடல் ஒன்றில் கருடனுக்கு எதிரே ஈயும், கதிரவனுக்கு எதிரே மின்மினியும் ஆடுவதுண்டோ என்ற கருத்து வருகின்றது. பேரொளியின் முன் சிற்றொளி என்னும் இவ்வுவமை வடமொழி மரபிலும் பயில்வது. இங்கு மின்மினிக்கு மரம் இல்லை, புற்று இல்லை, மழை இல்லை. அது பகலில், தன் ஒளி தெரியாத பொழுதில் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றது. சமயநோக்கில் அவ்வுவமைக்குத் தனி ஆற்றல் உண்டு. எனினும் பூச்சி தன் நிலத்தையும் பொழுதையும் இழந்து சிறுமையின் குறியீடாகச் சுருங்கியதும் உண்மை. சங்க மின்மினியையும் ‘சிற்றொளி’ என்ற இப்பிற்காலப் பொருளிலேயே படிப்பது கால வழுவாகும். அகப்பாடல்களில் அது சிறுமையைக் குறிக்கவில்லை. இருளின் ஆழத்தை அளந்து காட்டுகின்றது.

அறிவியல் சான்று என்னும் வாசிப்பு

சங்கப் புலவர்கள் உயிரொளிர்வை அறிந்திருந்தனர் என்ற கூற்றில் ‘அறிதல்’ என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. மின்மினி எங்கு, எப்பொழுது, எவ்வாறு ஒளிரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மூன்று பாடல்களும் அதற்குச் சான்று. அது ஏன் ஒளிர்கின்றது, எப்பொருளால் ஒளிர்கின்றது என்பது வேறுவகை அறிவு. அதற்கு இப்பாடல்களில் குறிப்பில்லை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவுவது தருக்கப் பிழை.

அகநானூறு 72-இல் இதற்கு அகச்சான்றே உள்ளது. கண்டறியப்பட்ட மின்மினியும் கண்டறியப்படாத பாம்புமணியும் அப்பாடலில் ஒரே உறுதியோடு ஒளிர்கின்றன. மின்மினியை அறிவியல் என்று எடுத்துக்கொள்பவர் பாம்புமணியையும் அவ்வாறே ஏற்கவேண்டும். அல்லது தமக்கு உகந்ததை மட்டும் தெரிந்தெடுத்ததாக ஒப்பவேண்டும். கடலனாருக்கு அவ்விக்கட்டு இல்லை. அஞ்சும் பெண்ணின் கற்பனையில் காடு எவ்வாறு விளங்குகின்றது என்பதே அவர் கூற வந்தது. கண்டதும் கேட்டதும் அக்கற்பனையில் வேறுபாடின்றிக் கலக்கின்றன. அக்கலப்பை அச்சத்தின் உளவியலாகப் படிப்பதே பாடலுக்குச் செய்யும் நேர்மை.

இவ்வரையறை பாடல்களின் மதிப்பைக் குறைப்பதன்று. ஓர் உயிர் வாழும் சூழலைக் குறித்து வைத்தலும் அரிய அறிவே. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் மின்மினிகளுக்கெனத் தனி வல்லுநர் குழுவை அமைத்தது. வாழிட அழிவு, இரவில் பரவும் செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை முதன்மையான அச்சுறுத்தல்களாக 2020-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு சுட்டியது. செயற்கை ஒளியில் ஆண் மின்மினி பெண்ணின் குறியைக் காண இயலாமற்போகின்றது. ஈரமண், முதிர்ந்த மரம், கலப்பற்ற இருள் என்று இன்றைய ஆய்வாளர் மின்மினிக்கு வேண்டுவனவாகக் கூறுபவை மூன்று பாடல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவ்விருளைக் கண்டிராத தலைமுறைக்கு இப்பாடல்களைக் கற்பிக்கும்போது, ‘மின்மினி - ஒளிவிடும் பூச்சி’ என்ற சொற்பொருள் போதாது.

முடிவுரை

குறிஞ்சிப் பாடல்கள் மூன்றிலும் மின்மினி யாமம், மழை, மலை என்ற சூழலோடு பிணைந்து செயற்படுகின்றது. அகநானூறு 72, 202 ஆகியவற்றில் மின்மினியும் உலைப்பொறியும் எஃகும் ஒரு கோவையாகி இரவுக்குறியின் அச்சத்தைச் சுமக்கின்றன. அவற்றின் உவமை நிறத்தைவிட வினையையே நிலைக்களமாகக் கொண்டது. நற்றிணை 44-இல் மின்மினி மழையின் குறியாகவும், அதன்வழி இற்செறிப்பின் முன்னறிவிப்பாகவும் பொருள்படுதற்கு இலக்கணமும் பூச்சியியலும் இடந்தருகின்றன. மின்மினியின் ஒளிக்கு வெப்பமில்லை என்ற வேதியியல் உண்மையைப் புலவர்கள் கூறவில்லை. ஆயினும் நெருப்பு எரியவியலாத மழையிரவில் உலைக்களத்தை மூட்டுதற்கு அவர்கள் தேர்ந்தது அவ்வொளியையே. கருப்பொருள் ஆய்வுகள் பூச்சிகளுக்கும் உரிய இடமளித்து, தும்பி, சிதல், சிள்வீடு முதலியவற்றையும் இவ்வாறு இடமும் பொழுதும் கொண்டு நோக்கின், அகப்பாடல்களின் உரைகளில் தெளிவுபெறும் இடங்கள் மேலும் பல உள.